குடிமகன் ஆகுமுன் மறைந்தவர்: இரட்டைமலை சீனிவாசனும் பொதுத்தெருவும்

பேரிகையிலிருந்து பாகலூர் வழியாக ஓசூருக்குச் செல்லும் காலைப் பேருந்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தே ஒலிக்கும். ஆலை வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்களின் சட்டைப்பையில் ஆதார் அட்டை இருக்கிறது, வாக்காளர் அட்டை இருக்கிறது, ஆலையின் அடையாள அட்டையும் இருக்கிறது. ஆனால் நகரத்தில் வாடகைக்கு வீடு கேட்கும்போது, எந்த ஊர் என்ற கேள்வியை அடுத்து, ஊருக்குள் எந்தப் பக்கம் என்ற கேள்வி வருகிறது. அட்டையில் அச்சிட்ட முகவரி அங்கே போதுவதில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் இன்னொரு முகவரியை வீட்டுக்காரர் தேடுகிறார்.

இந்தக் கேள்விக்கு அஞ்சிய ஒரு மாணவர் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரில் இருந்தார். செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் கிராமத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன்தான் அவர். உடன் படித்தவர்களில் பெரும்பாலோர் பிராமணர்கள். பழகினால் வீடு எங்கே, குடும்பம் எது என்று கேட்பார்கள். தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்கள். எனவே பள்ளிக்கு வெளியே எங்காவது அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் எவரும் எட்டிப் பிடிக்காதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். முதுமையில் எழுதிய ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் இதை அவரே பதிவு செய்திருக்கிறார். விளையாட்டு இல்லாத அந்தப் பள்ளிப் பருவத்தை வறுமையின் கதையாக வாசிப்பது தவறு. தெருவில் மெதுவாக நடக்கும் உரிமை ஒரு சிறுவனுக்கு இல்லாமற்போன கதை அது.

நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றிய பின் 1890-இல் சென்னைக்கு வந்தார். 1891-இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893 அக்டோபரில் அவர் வெளியிட்ட இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயர் வெளியில் தெரியக் கூடாதென்று ஓடி ஒளிந்தாரோ, அதே பெயரை நான்கு பக்கத் தாளின் தலைப்பில் அச்சிட்டுத் தெருவில் விற்கச் செய்தார். அவருடைய சகோதரியை மணந்த அயோத்திதாசருக்கு இப்பெயரில் உடன்பாடில்லை. அது பிறர் சுமத்திய இழிபெயர் என்பது அவர் நிலை. இருவரில் யார் சரி என்ற வழக்கு நம் அரங்குகளில் இன்றும் முடியவில்லை. முடிய வேண்டிய அவசியமும் இல்லை என்றே நாம் கருதுகிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து செல்லப் புறப்பட்டவரைப் பயணம் ஆப்பிரிக்காவில் இறக்கிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். காந்திக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்றுத் தந்தவர் என்ற செய்தியை மேடைகளில் விரும்பிச் சொல்கிறோம். நீதிமன்றத்தில் நின்று, ஒருவரின் முறையீட்டைச் சட்டம் கேட்கும் மொழிக்கு மாற்றித் தருவதே அவருடைய அன்றாட வேலையாக இருந்தது என்பதை அந்த அளவுக்குச் சொல்வதில்லை. பின்னாளில் அவர் எழுதிய கோரிக்கைகளில் அந்தப் பயிற்சி தெரிகிறது.

1921-இல் தாயகம் திரும்பினார். 1923-இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். மறு ஆண்டில், எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடப்பதற்குத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடுமிடங்கள் ஆகியவற்றைச் சாதி இந்துக்களுக்கு இணையாகப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதே 1924-இல்தான் திருவிதாங்கூரின் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகப் போராட்டம் நடந்தது. வைக்கம் நம் பாடநூல்களில் உண்டு. சென்னைத் தீர்மானத்தைக் கல்லூரி மாணவர் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

அன்று ஓசூர் வட்டம் சேலம் மாவட்டத்தில், சென்னை மாகாணத்தின் விளிம்பில் இருந்தது. எனவே தீர்மானம் பேரிகைத் தெருக்களுக்கும் பொருந்தியது. வடக்கே சில கல் தொலைவு நடந்தால் மைசூர் சமஸ்தானம். அங்கே அதற்குச் செல்லுபடி இல்லை. காலையில் எல்லை தாண்டிக் கூலிக்குச் சென்ற ஒருவர் மாலையில் திரும்பும்போது, காகிதத்தில் மட்டும், தெருவில் நடக்கும் உரிமையைத் திரும்பப் பெற்றார். காகிதத்தில் மட்டும் என்று நாம் சொல்லக் காரணம் உண்டு. தீர்மானம் அரசின் கொள்கையை அறிவித்தது. வழிமறிப்பவருக்கு என்ன தண்டனை என்று அதில் எதுவும் இல்லை.

இந்தக் குறையை அவர் மறக்கவில்லை என்பதற்கு 1930-இல் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாடே சான்று. ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளாக அம்பேத்கரும் எழுபது வயதை எட்டிய சீனிவாசனும் சென்றனர். அரசருக்கு அவர் கைகொடுக்க மறுத்த கதை ஊரெங்கும் பரவியிருக்கிறது. இருவரும் கையொப்பமிட்டு அளித்த பாதுகாப்புத் திட்டத்தைப் படித்தவர் குறைவு. அதன் முதல் நிபந்தனை சமக் குடியுரிமை. பரம்பரை அடிமைகளாக இருக்கும் நிலையில் பெரும்பான்மையின் ஆட்சிக்கு உட்பட இயலாது. தீண்டாமை ஒழிந்து, பிறருக்குள்ள எல்லா உரிமைகளும் உடைய சுதந்திரக் குடிமக்களாக எம் மக்கள் முதலில் ஆக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். சட்டமன்றத்திலும் அரசுப் பணியிலும் அமைச்சரவையிலும் இடம் கேட்கும் நிபந்தனைகள் அதற்குப் பின்னரே வருகின்றன.

இரண்டாம் நிபந்தனையில்தான் நீதிமன்ற அனுபவத்தின் கூர்மையைக் காண்கிறோம். விடுதி, கல்விக்கூடம், சாலை, குளம், கிணறு, பொது ஊர்தி, அரங்கு ஆகியவற்றை மறுப்பவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்று அத்திட்டம் கேட்டது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக அமெரிக்கா 1866-லும் 1875-லும் இயற்றிய குடியுரிமைச் சட்டங்களை முன்மாதிரியாகக் காட்டியது. அத்தோடு நிற்கவில்லை. உரிமையைக் கேட்டவருக்கு மறுநாள் என்ன நேரும் என்பதை இருவரும் அறிந்திருந்தனர். வேலை நிறுத்தப்படும், நிலம் பறிக்கப்படும், கடையில் பொருள் கிடைக்காது. ஆகவே 1922-ஆம் ஆண்டின் பர்மா சட்டத்தைப் பின்பற்றிச் சமூகப் புறக்கணிப்பைத் தனிக் குற்றமாக்க வேண்டும் என்றனர்.

நல்ல குடிமகன் வரி செலுத்துவான், வாக்களிப்பான், சட்டத்தை மதிப்பான், பொதுச்சொத்தைப் பேணுவான் என்று பள்ளியில் நமக்குக் கற்பித்தார்கள். தொட அனுமதி இல்லாத குளத்தை ஒருவர் எப்படிப் பேணுவது என்று அந்தப் பாடம் கேட்டதில்லை. பொதுச்சொத்தைப் பொதுவாக்குவதையே சீனிவாசன் தம் கடமையாகக் கொண்டார். அவர் நல்ல குடிமகனாக நடந்துகொண்ட விதம் இதுதான் என்பது நம் வாதம்.

அவர் மீது வைக்கப்படும் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என ஆங்கில அரசின் பட்டங்களை ஏற்றார். உயர் ஆட்சிப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்று காங்கிரசு கேட்டபோது எதிர்த்தார். மக்கள் வாக்களித்து அவர் மன்றத்துக்குச் செல்லவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்நாளில் வாக்குரிமை சொத்தையும் வரியையும் சார்ந்திருந்தது. நிலமற்ற கூலிகளின் தலைவருக்கு நியமனத்தைத் தவிர வேறு எந்த வாசல் திறந்திருந்தது? தேர்வு இங்கே நடந்தால் மாவட்ட ஆட்சியர் நாற்காலியில் யார் அமர்வார்கள் என்ற அவரது அச்சமும் கற்பனையில் பிறந்ததன்று. கோயம்புத்தூர் வகுப்பறையில் உடன் இருந்தவர்களை அவர் எண்ணிப் பார்த்திருந்தார்.

1945 செப்டம்பர் 18 அன்று சீனிவாசன் மறைந்தார். சாகும்போது பிரித்தானியப் பேரரசின் பிரஜை. குடிமகன் என்ற சொல்லை இந்நாட்டின் அரசமைப்புச் சட்டம் எழுதியபோது அவர் இல்லை. கிணறு, குளம், சாலை, மக்கள் கூடுமிடம் என்று அச்சட்டத்தின் 15-ஆம் உறுப்பில் வரும் வரிசையை வாசிக்கும் எவருக்கும் 1924-ஆம் ஆண்டுத் தீர்மானம் நினைவுக்கு வரும். 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் விதித்த சிறை அதிகபட்சம் ஆறு மாதம்; அவர் கேட்டது ஐந்து ஆண்டு. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்த் தண்டனைக்குரிய குற்றமாக வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தில். அது நடைமுறைக்கு வந்தது 2016 சனவரி 26 அன்று. இலண்டனில் அவர்கள் அதைக் கேட்டு எண்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.