ராஜாஜி எதிர்த்த லைசென்சும் எதிர்க்காத லைசென்சும்

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி அக்ரஹாரத்தில் ஒரு வீட்டை அரசு நினைவில்லமாகப் பராமரித்து வருகிறது. 1878 டிசம்பர் 10-ந் தேதி ராஜாஜி பிறந்த வீடு. இந்தப் பகுதியில் நாம் அவரைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை. எழுதினாலும் குலக்கல்வி என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வோம். ஆனால் அரசும் பெருமுதலாளிகளும் கைகோத்து நடப்பதை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நாடு முழுக்கப் பேசியவர் இந்த ஊர்க்காரர்தான். அவர் பேச்சில் நமக்கு ஆவது எது, ஆகாதது எது என்று பார்க்க அவருடைய வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

அவருடைய தந்தை சக்கரவர்த்தி ஐயங்கார் தொரப்பள்ளியின் கிராம முன்சீப். அந்தக் காலத்தில் முன்சீப் வேலைக்குப் பரீட்சை கிடையாது. தகப்பனுக்குப் பின் மகன் என்று வம்சத்தில் வரும் பதவி. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். மகன் ஓசூர்ப் பள்ளியிலும், பிறகு பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தார். 1900 முதல் சேலத்தில் வக்கீல். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் ஜில்லாவில்தான் இருந்தன.

1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானார். அந்த நகராட்சிக்கு முதல் தலித் உறுப்பினர் வந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. 1925-ல் திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1932-ல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானதும் சேலம் ஜில்லாவில்தான் முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். வியாபாரிகள் கொதித்தார்கள். அதே வியாபாரிகளுக்கு இருபது ஆண்டு கழித்து அவரே தலைவரானார் என்பது அரசியலின் வேடிக்கை.

நமக்கு முக்கியமான கதை 1938-ல் நடந்தது. எம்.சி.ராஜா சட்டமன்றத்தில் கோவில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். மாகாணம் முழுக்க ஒரே சட்டம் வேண்டும் என்று கேட்டார். ராஜாஜி அதை ஆதரிக்கவில்லை. மலபாருக்கு மட்டும் தனி மசோதா கொண்டுவந்தார். நம்பிப் போன ராஜா மனம் நொந்து காந்திக்கு எழுதினார். மறு ஆண்டு மதுரையில் வைத்தியநாத ஐயர் தலித்துகளை மீனாட்சி கோவிலுக்குள் அழைத்துச் சென்றபோது, அவர்கள்மேல் வழக்கு வராமல் காக்க அவசரமாகச் சட்டம் போட்டவரும் ராஜாஜிதான். கதவைத் திறப்பார். எப்போது, எவ்வளவு திறப்பது என்பதைத் தாமே முடிவு செய்வார்.

1952-ல் மறுபடி முதலமைச்சர். உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தார். தஞ்சாவூர்ப் பண்ணையாட்களை மிராசுதார்கள் இஷ்டத்துக்கு விரட்டக் கூடாது என்று அவசரச் சட்டம் போட்டார். கம்யூனிஸ்டுகளின் வளர்ச்சி தந்த பயமும் அதற்கு ஒரு காரணம் என்றே நாம் நினைக்கிறோம். இருந்தாலும் சேரி மக்களுக்கு அது உதவியது. அடுத்த ஆண்டே புதிய கல்வித் திட்டம் வந்தது. கிராமத்துப் பிள்ளைக்கு அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில். வக்கீல் பிள்ளைக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை. தோல் பதனிடுகிறவர், துப்புரவு செய்கிறவர் வீட்டுப் பிள்ளை எதைக் கற்றிருக்கும்? பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள், காங்கிரசிலேயே எதிர்ப்பு வந்தது. 1954-ல் ராஜாஜி விலகினார். காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

வீட்டோடு ஓய்ந்துவிடவில்லை மனிதர். 1959-ல், எண்பது வயதில், சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். லைசென்ஸ்-பர்மிட்-கோட்டா ராஜ்யம் என்று காங்கிரஸ் ஆட்சிக்குப் பெயர் வைத்தார். 1951-ல் வந்த தொழில் சட்டப்படி யார் எதை எவ்வளவு தயாரிக்கலாம் என்பதை டெல்லியே தீர்மானித்தது. லைசென்ஸ் கிடைத்தவருக்குப் போட்டி இல்லை. அந்த லாபத்தில் ஒரு பங்கு ஆளும் கட்சியின் தேர்தல் நிதிக்குப் போகிறது, அந்தக் கட்சி மறுபடி வென்று லைசென்ஸ் கொடுக்கிறது, நடுவில் சிறு தொழில்காரன் நசுங்குகிறான். இதுவே அவருடைய வாதம்.

வாதம் பொய்யில்லை. கட்சிகளுக்கு நன்கொடை தர டாடா ஸ்டீல் நிறுவனம் நீதிமன்ற அனுமதி கேட்டபோது, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சாக்ளா அனுமதி கொடுத்துவிட்டு, இது ஜனநாயகத்துக்கு ஆபத்து என்றும் எச்சரித்தார். 1969-ல் தத் குழு விசாரித்தபோது, பெரிய குடும்பங்களே லைசென்சுகளை அள்ளிக்கொண்டது அம்பலமானது. ஆனால் சுதந்திரா கட்சிக்கும் பணம் அதே பக்கத்திலிருந்துதான் வந்தது. காங்கிரசோடு சுதந்திரா கட்சிக்கும் நன்கொடை தரப்போவதாக 1961-ல் ஜே.ஆர்.டி. டாடா நேருவுக்கு எழுதினார். கூடவே மன்னர்களும் நிலப்பிரபுக்களும் கட்சியில் சேர்ந்தார்கள். நில உச்சவரம்புக்குப் பாதுகாப்பான 17-வது அரசியல் சட்டத் திருத்தத்தைக் கட்சி கடுமையாக எதிர்த்தது. 1967-ல் மக்களவையில் 44 இடங்களோடு பெரிய எதிர்க்கட்சியானது.

நம் கேள்வி இங்கேதான். டெல்லி அதிகாரி கொடுக்கிற லைசென்ஸ் தப்பு என்றால், பிறப்பு கொடுக்கிற லைசென்ஸ்? நிலம், கோவில், முன்சீப் பதவி எல்லாம் யாரும் மனுப்போடாமல் ஒரு சிலருக்குக் கிடைத்த பர்மிட்டுகள். அந்தக் கோட்டாவை ஒழிக்க அவர் கட்சி கட்டவில்லை.

1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி காலமானார். அதற்கு முந்தின ஆண்டுதான் சிப்காட் நிறுவனம் உருவானது. பிறகு ஓசூரில் நிலத்தை எடுத்துக் கொடுத்தது அரசு. அசோக் லேலண்ட், டி.வி.எஸ். வந்தன. 1984-ல் அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. அதில் கால் பங்குக்கும் மேல் இன்றும் டிட்கோவிடம் இருக்கிறது. இப்போது டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா. ஆலை வந்ததை நாம் குறை சொல்லவில்லை. நம் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் நிலத்துக்கான பணம் பட்டா வைத்திருந்தவருக்குப் போகிறது. அரசு வேலையில் பட்டியல் சாதிக்கு உள்ள 18 சதவீதம், அரசு நிலமும் சலுகையும் வாங்கிய தனியார் ஆலையைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. 1991-க்குப் பிறகு டெல்லி லைசென்ஸ் பெரும்பாலும் போய்விட்டது. நம் பிள்ளைகளுக்கு அப்போதும் பங்கு எழுதித் தரப்படவில்லை.

1980-ல் டி.வி.எஸ். மொபெட் ஓசூர் ஆலையிலிருந்து ரோட்டுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் பரம்பரை கிராம அதிகாரிகளை ஒழித்தது. முன்சீப் இருந்த நாற்காலிக்கு வி.ஏ.ஓ. வந்தார். அந்த வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு உண்டு, இட ஒதுக்கீடும் உண்டு. சக்கரவர்த்தி ஐயங்கார் வகித்த பொறுப்புக்கு இன்று சேரிப் பெண் ஒருத்தி பரீட்சை எழுதி வரலாம்.