தூத்துக்குடி தந்த நாடகத் தலைமையாசிரியர்

திரேஸ்புரம் கரையில் முத்தும் சங்கும் குளித்தெடுத்தோரும், ஊர்ப்புறத்து உப்பளங்களில் வெயில் சுமந்தோரும் தூத்துக்குடிக்குப் பெயர் தேடித் தந்தனர். அப்பெயரைத் தம் பெயரின் முதலெழுத்தாகவே தாங்கித் தமிழகத்து மேடைகள்தோறும் கொண்டு சென்றவர் ஒருவர் உண்டு. தூ. தா. சங்கரதாஸ் சுவாமிகள் என்பதில் 'தூ' ஊரையும் 'தா' தந்தையார் தாமோதரரையும் குறிக்கும். பின்னாளில் முதலெழுத்துகள் உதிர்ந்து சங்கரதாஸ் சுவாமிகள் என்றே வழங்கலாயிற்று. நம்மூரார்க்கு அது சிறு இழப்புத்தான்.

1867 செப்டம்பர் 7ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தாமோதரருக்கும் பேச்சியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையார் இராமாயணத்தில் தோய்ந்த புலமையாளர், முதலாசிரியரும் அவரே. பின்னர்ப் பழநி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியம் பயின்றார். அங்கு உடன் பயின்றவர் உடுமலை முத்துசாமிக் கவிராயர். ஒரே ஆசிரியரிடம் யாப்புக் கற்ற இருவருமே நாடகப் பாட்டுக்குப் பெயர்பெற்றது எண்ணிப் பார்க்கத்தக்கது. வெண்பாவும் விருத்தமும் வண்ணமும் நாவில் நின்ற அந்த இளைஞர்க்குப் பிழைப்புக்கு வாய்த்ததோ உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதும் வேலை. சில காலம் மூட்டைகளை எண்ணினார். மனம் அதில் நிற்கவில்லை.

1891இல், இருபத்து நான்காம் வயதில், நாடகத்துறை புகுந்தார். அதே ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் முதலியோர் சுகுண விலாச சபையை நிறுவினர். அங்கே கற்றோர் தம் அலுவல் முடித்து மாலையில் ஆடினர். இங்கே சுவாமிகளோ நாடகத்தையே வாழ்வாகக் கொண்டு ஊர் ஊராய்ச் சுற்றும் தொழிற்குழுவில் சேர்ந்தார். நடிப்பு வயிற்றுப்பாடாக இருந்தவர்களை அன்றைய சமூகம் மதிக்கவில்லை. கூத்தாடி என்னும் சொல் வசைச்சொல்லாகவே வழங்கிய காலம் அது. புலவர் ஒருவர் அச்சொல்லைத் தலைமேல் ஏற்றுக்கொண்டது எளிய செயலன்று.

கல்யாணராமையரின் குழுவில் அவர் ஏற்றவை இராவணன், இரணியன், எமன், சனீசுவரன் போன்ற வேடங்கள். உருவமும் குரலும் அச்சத்தைப் பிறப்பிக்கும் வகையில் அமைந்திருந்தன. அவருடைய எமவேடத்தையும் சனீசுவர வேடத்தையும் கண்டு கருவுற்ற பெண்டிர் நடுங்கித் துன்புற்றனர் என்றும், அதனால் மனம் நொந்து வேடம் புனைவதையே விட்டார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். எத்துணை மிகை கலந்திருப்பினும் இச்செய்தியின் உட்பொருள் கருதத்தக்கது. நடிகனுக்குப் பெருமையாக அமையும் ஆற்றல், மனிதனாக அவரைச் சுட்டது. மேடையை விட்டார், துறவு மேற்கொண்டு தலங்கள்தோறும் சென்றார். மணம் புரிந்துகொள்ளாமலே வாழ்ந்தார். சுவாமிகள் என்னும் பெயர் இவ்வாறு வந்தது.

திரிந்தவரைத் தடுத்து நிறுத்தியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் தேடித் தந்த அப்பெருங்கலைஞர் சுவாமிகளைத் தம் மகன்போல் ஏற்றார். புலவர்க்கு யாப்பின் சந்தம் தெரியும். கஞ்சிராக்காரர்க்குத் தாளத்தின் நுட்பம் தெரியும். எழுதிப் படிக்கும் பாட்டு, கேட்டு மகிழும் பாட்டாக அவரிடம் மாறியதற்கு இவ்வுறவே காரணம் எனலாம். மீண்டும் நாடகத்துக்கு வந்தபோது அவர் நடிகராக வரவில்லை, ஆசிரியராக வந்தார்.

1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். பெரிய நடிகர்களைக் கட்டுப்படுத்தல் எளிதாக இல்லை. கற்பனையாகப் பேச வல்லவன் மேடையில் எதிராளியை மடக்க முயல்வான். கதை எங்கோ ஒதுங்கிவிடும். பாடத்தைச் சிதையாமல் காக்கச் சிறுவர்களே ஏற்றவர் என்று கண்டார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா தோன்றிற்று. கண்ணுசாமிப் பிள்ளை தம் மைந்தர்களுடன் அதில் சேர்ந்தார். பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர்கள் எனப் புகழ்பெற்றோர் அவர்களே. ஆறு வயதுச் சிறுவராய் வந்த டி. கே. சண்முகத்துக்காக ஓர் இரவில், விளக்கடியில் அமர்ந்து, அபிமன்யு சுந்தரி முழுவதையும் பாடலும் உரையாடலுமாக எழுதி முடித்தார் சுவாமிகள். இதனைச் சண்முகமே தம் வாழ்க்கை வரலாற்றில் நெகிழ்ந்து பதிவு செய்துள்ளார்.

பால சபையின் ஒழுங்கு கடுமையானது. பெற்றோரைப் பிரிந்து, ஊர் மாறிக்கொண்டே இருக்கும் வீட்டில் வளர்ந்த குழந்தைகளின் ஏக்கத்தை மறைத்து அதனைப் புகழ்வது முறையன்று. ஆயினும் பள்ளி வாசலை நன்கு மிதியாத அச்சிறுவர்கள் சீர் பிரித்துத் தளை சிதையாமல் வெண்பாச் சொல்லக் கற்றனர். குறளும் நாலடியாரும் உரையாடலில் கலந்து வந்தமையால், இரவு முழுதும் கீழே மணலில் அமர்ந்திருந்த எழுத்தறியாத மக்கள் செவியிலும் அவை விழுந்தன. யாப்பை அச்சுக்கூடத்துக்கு அனுப்பாமல் குழந்தையின் நாவுக்கு அனுப்பியவர் அவர். கவிஞர் என்னும் வரிசையில் அவரை வைக்க இலக்கிய வரலாற்றாசிரியர்கள் தயங்கியதற்கும் இதுவே காரணமாகலாம். அத்தயக்கம் நியாயமானதன்று.

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, பிரகலாதன், நல்லதங்காள், இலவகுசா என அவர் இயற்றியவை ஏறத்தாழ 68 என்பர். வடமொழி மிருச்சகடிகமும் சேக்சுபியரின் ரோமியோ ஜூலியட்டும் அவற்றுள் அடங்கும். கையில் கிடைப்பன ஒரு பகுதியே.

1921 அளவில் பக்கவாதம் தாக்கிற்று. கை முடங்கியது, பேச்சும் நின்றது. ஓரிரவில் நாடகம் எழுதிய கை அது; கேட்டோரை நடுங்க வைத்த குரல் அது. அவர் குழுவை விட்டு அகலவில்லை. அவர் சொல்ல இயலாத சொற்களைச் சிறுவர்கள் இரவுதோறும் மேடையில் சொல்லிக்கொண்டிருந்தனர். 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். அம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகப்பள்ளி 1988இல் இந்திரா பார்த்தசாரதியின் பொறுப்பில் தொடங்கியபோது சுவாமிகளின் பெயரையே தாங்கிற்று.

மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் இன்றும் நடக்கிறது. வள்ளியாக வருபவர் ஓரூர், முருகனாக வருபவர் வேறூர், நாரதர் மற்றோர் ஊர். ஒத்திகை ஏதுமில்லை. அன்று மாலைதான் ஒருவரையொருவர் சந்திப்போரும் உண்டு. ஆர்மோனியம் சுருதி பிடித்ததும் சுவாமிகளின் பாடலைப் பாடிக்கொண்டு வள்ளி தினைப்புனம் காக்க வருகிறாள். அடுத்த அடி எதுவென்று எல்லார்க்கும் தெரிந்திருக்கிறது.