மூணு நிமிஷக் கிட்டப்பா

மதுரையிலிருந்து போடிக்கு முதல் ரயில் வந்தது 1928ல். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டின் சூப்பர் ஸ்டார் யாருன்னு கேட்டா, யோசிக்காம சொல்லக்கூடிய பேர் எஸ்.ஜி. கிட்டப்பா. 27 வயசில் இறந்துபோனார். ஒரு சினிமாவிலும் நடிக்கலை. இன்னைக்கு அவர் குரல் நமக்குக் கேட்குதுன்னா, அதுக்கு ஒரே காரணம் இசைத்தட்டு. அதனால அவர் கதையையும் அந்தத் தட்டு பாடும் விதத்தையும் சேர்த்தே பார்த்துடலாம்.

கிட்டப்பா 1906 ஆகஸ்ட் 25 அன்று செங்கோட்டையில் பிறந்தார். குடும்பத்தில் வறுமை. அண்ணன்களோட சேர்ந்து ஐந்தாறு வயசிலேயே நாடக மேடை ஏறிட்டார். பள்ளிப் படிப்பு பெருசா இல்லை. காதால் கேட்டதைப் பிடிச்சுக்கிட்டுப் பாடும் திறமைதான் மூலதனம். கன்னையா கம்பெனி நாடகங்களில் பேர் வாங்கினார். மைக் இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கணும்னா குரல் உச்சத்தில் நிற்கணும். அவர் பாடியது ஐந்தரைக் கட்டை சுருதின்னு சொல்வாங்க.

1920களின் நடுவில் இலங்கையில் நாடகம் போட்டபோது கே.பி. சுந்தராம்பாள் அறிமுகமானார். அவர் குரலும் அதே உயரம். மேடையில் இருவரும் போட்டி போட்டுப் பாடினால் கூட்டம் நகராது. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். ஆனாலும் 1927ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். பிறகு மனக்கசப்பு, பிரிவு எல்லாம் வந்தது.

மேடையில் அவருக்கு நேரக் கணக்கு கிடையாது. ரசிகர்கள் ஒன்ஸ்மோர் கேட்கக் கேட்கப் பாட்டு நீளும். இசைத்தட்டு அப்படி விடாது. 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூணு நிமிஷம், அவ்ளோதான். ராகத்தைத் தொட்டு, பாட்டைப் பாடி, ஸ்வரமும் போட்டு அதுக்குள்ள முடிக்கணும். இன்று அவர் தட்டுகளைக் கேட்டா ஒரு விநாடிகூட வீணாகாத மாதிரி இருக்கும். அதில் அந்தக் கட்டாயத்துக்கும் பங்கு உண்டு.

சரி, தட்டு எப்படிப் பாடுது? நம்ம போடிமெட்டு ரோட்டை நினைச்சுக்குங்க. கீழிருந்து மேலே ஒரே ரோடு, 17 கொண்டை ஊசி வளைவு. பஸ் வளையும்போதெல்லாம் உள்ளே இருக்கும் நாமும் இடமும் வலமுமா சாய்வோம். கண்ணை மூடிக்கிட்டு இருந்தாலும் ரோடு எப்படி வளையுதுன்னு உடம்புக்குத் தெரியும். கிராமபோன் ஊசிக்கும் அதே வேலைதான். தட்டில் பல நூறு வட்டங்கள் இருக்கிற மாதிரித் தெரியும். உண்மையில் விளிம்பிலிருந்து நடுவரை சுழன்று போகும் ஒரே ஒரு பள்ளம்தான். மூணு நிமிஷத்துக்கு 234 சுற்று. நீட்டி அளந்தா சுமார் 125 மீட்டர். அந்தப் பள்ளம் இடமும் வலமுமா நெளியும். ஊசி அதோட சேர்ந்து ஆடி, தன் தலையில் இருக்கும் மைக்கா தகட்டை ஆட்டும். தகடு காற்றை அசைக்கும், கூம்பு அதைப் பெருசாக்கும். கரண்டே வேண்டாம், ஸ்பிரிங்கை முறுக்கினா போதும்.

இப்போ கிட்டப்பா குரலையே அளந்து பார்க்கலாம். ஐந்தரைக் கட்டையில் மேல் ஸட்ஜம் சுமார் 415 ஹெர்ட்ஸ். தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றுது. மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளியிருக்கும் வெளிப்பள்ளம், ஊசிக்குக் கீழே விநாடிக்கு 98 செ.மீ. வேகத்தில் ஓடும். 98ஐ 415ஆல் வகுத்தா, ஒரு நெளிவின் நீளம் 2.4 மில்லிமீட்டர். ஸ்கேல் வெச்சு அளக்கக்கூடிய நீளம்! ஆனா பக்கவாட்டில் அது ஆடும் தூரம் தலைமுடியின் தடிமன் அளவுகூட இருக்காது. நடுவுக்குப் பக்கத்தில், 5 செ.மீ. ஆரத்தில், வேகம் 41 செ.மீ.தான். அதே ஸட்ஜம் அங்கே ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கணும். நுணுக்கமான ஒலிகள் இன்னும் நெருங்கிப்போய் ஊசிமுனை திணறும். பாட்டின் முடிவில் ஒலி கொஞ்சம் மங்குவது அதனால்தான்.

வேகத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கு. பஸ் வேகமாப் போனா வளைவுகளும் சீக்கிரம் சீக்கிரம் வரும். தட்டு 6 சதவீதம் வேகமாச் சுற்றினா சுருதி அரைக் கட்டை ஏறிடும். அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாமே சரியா 78ல் பதிவானவை இல்லை. அதனால தட்டை மட்டும் கேட்டு ஒருத்தர் எத்தனை கட்டையில் பாடினார்னு அடிச்சுச் சொல்ல முடியாது.

இதையெல்லாம் நாம வினைல்னு சொல்லிடறோம், ஆனா கிட்டப்பா தட்டுகள் வினைல் இல்லை. அரக்கோட கல்தூள் கலந்து அழுத்தின ஷெல்லாக் தட்டுகள். கீழே விழுந்தா உடையும். வினைல் எல்.பி. வந்தது 1948ல். மெல்லிய பள்ளம், வைர முனை, ஓரிரு கிராம் எடை. கிட்டப்பா தட்டின் மேல் ஏறினதோ இரும்பு ஊசி, நூறு கிராமுக்கு மேல் பாரம். தட்டு ஊசியைத் தேய்க்கும், ஊசி பள்ளத்தைத் தேய்க்கும். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் குரலில் கொஞ்சம் போயிடும். ரசிகர்கள் உயிரா நேசிச்ச தட்டுதான் அதிகமாத் தேய்ஞ்சது. யாரும் சீண்டாத தட்டு புதுசு மாதிரி இருக்கு.

கிட்டப்பாவின் உடம்பும் அப்படித்தான் தேய்ஞ்சது. சின்ன வயசிலிருந்து ஓயாத நாடகம், பயணம், அப்புறம் நோய். 1931ல் தமிழின் முதல் பேசும் படம் காளிதாஸ் வந்துட்டுது. அவர் அந்தப் பக்கம் போவதற்குள் காலம் முடிஞ்சது. 1933 டிசம்பர் 2 அன்று இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போ 25 வயசு. அதன்பின் வெள்ளைப் புடவைதான். ஆண்களோட ஜோடி சேர்ந்து நடிப்பதில்லைன்னு முடிவெடுத்து, 1980ல் சாகும்வரை அதைக் காப்பாத்தினார்.

யூடியூப்பில் கிட்டப்பா பாட்டு கிடைக்கும். ஹெட்போன் போட்டுக் கேளுங்க. முதலில் சரசரன்னு ஒரு இரைச்சல் வரும், உடனே தள்ளிவிட்டுடாதீங்க. கல்தூளில் ஊசி உரசும் சத்தம் அது. நமக்கு முன்னாடி அதே தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டவங்க விட்டுப்போன தேய்மானமும் அதில் இருக்கு. அதையும் தாண்டி ஒரு குரல் மேல் ஸட்ஜத்தில் போய் நிற்கும். அந்தப் பையன் போய்ச் சேர்ந்து 90 வருஷத்துக்கு மேல் ஆச்சு.