திருவிருந்துப் பந்தியில் சாதி: பேராயர் டேனியல் வில்சனும் 1833ஆம் ஆண்டுக் கடிதமும்

மாதவரம், எண்ணூர், திருவொற்றியூர் பகுதிகளின் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் சாதிச் சான்றிதழுக்காக வழக்கறிஞர்களாகிய நம்மை நாடும்போதெல்லாம் ஒரு முரண்பாட்டை எதிர்கொள்கிறோம். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று கூறி அரசு அவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதியை மறுக்கிறது. அதே குடும்பம் தன் சொந்த ஊருக்குத் திரும்பினால், கோயில் இருக்கையிலும் கல்லறைத் தோட்டத்திலும் சாதி அதற்காகக் காத்திருக்கிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த முரண்பாட்டை வேதாகமத்தின் முன் நிறுத்திக் கேள்வி கேட்டவர் ஒருவர் இருந்தார். அவருடைய வாழ்வை இன்று திரும்பிப் பார்ப்பது பயனுடையது என்று கருதுகிறோம்.

டேனியல் வில்சன் 1778 ஜூலை 2 அன்று இலண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில், பட்டு உற்பத்தித் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தார். இளமையில் தம் மாமாவின் பட்டு வணிகத்திலேயே தொழில் பழகினார். பதினெட்டு வயதளவில் ஆழ்ந்த மனப்போராட்டத்துக்கு ஆளான அவர், ஜான் நியூட்டன் என்னும் முதிய போதகரிடம் ஆலோசனை கேட்டுச் சென்றார். நியூட்டன் ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் தலைவராக இருந்து, பின்னர் அடிமை வாணிகத்துக்கு எதிராகப் பேசியவர். வில்சன் ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று, 1801இல் குருப்பட்டம் பெற்று, 1824இல் இஸ்லிங்டன் திருச்சபையின் போதகரானார். விசுவாசத்துக்கும் நடைமுறைக்கும் வேதாகமமே இறுதி அளவுகோல் என்பதும், மரபு எவ்வளவு பழமையானதாயினும் அதற்கு நிகராகாது என்பதும் அவர் வாழ்நாள் முழுதும் பற்றிநின்ற கொள்கை.

1832இல் அவர் கல்கத்தாப் பேராயராக நியமிக்கப்பட்டார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்த நால்வரும் பத்தாண்டுகளுக்குள் அடுத்தடுத்து மாண்டிருந்தனர். சென்னைக்குத் தனிப் பேராயம் 1835இல்தான் உருவானது. ஆகவே வேப்பேரியும் தஞ்சாவூரும் திருச்சிராப்பள்ளியும் அன்று அவருடைய ஆளுகைக்கு உட்பட்டிருந்தன.

அவர் கையேற்ற தென்னாட்டுச் சபைகளின் நிலை என்ன? தரங்கம்பாடியில் 1706இல் தொடங்கிய லுத்தரன் மிஷன், சாதியை ஒரு சமூக வழக்கம் என்று கருதிப் பொறுத்துக்கொண்டது. அதன் வழிவந்த சபைகளில் வேளாளர் முதலானோர் ஒரு பக்கமும் பறையர் மறுபக்கமும் அமர்ந்தனர். திருவிருந்துக்கு ஒரு சாரார் முதலிலும் மற்றவர் பிறகும் வந்தனர். புதைக்கும் இடமும் வேறாயிருந்தது. பறையர் சமூகத்தில் பிறந்த இராஜநாயக்கன், படைவீரராக இருந்து உபதேசியாராகிப் பல்லாண்டுகள் அயராது உழைத்தவர். 1733இல் வேளாளரான ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இராஜநாயக்கனோ 1771இல் மறையும்வரை உபதேசியாராகவே இருந்தார். அவர் கையால் திருவிருந்தை மற்ற சாதியார் ஏற்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சியதே அதற்குக் காரணம். கிறிஸ்துவின் பந்தியில் யார் பரிமாறலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. திருச்சபை அதற்குத் தலையசைத்தது.

1833 ஜூலை 5 அன்று தென்னாட்டு மிஷனரிகளுக்கு வில்சன் ஒரு கடிதம் எழுதினார். சாதி வேறுபாட்டைச் சபைகள் ஐயத்துக்கிடமின்றியும் தாமதமின்றியும் நிரந்தரமாகவும் கைவிட வேண்டும் என்பது அதன் சாரம். சாதி வெறும் சமூக வழக்கமே என்ற நூற்றாண்டுக்கால விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. பிரிவினைச் சுவர் கிறிஸ்துவில் தகர்ந்துவிட்டது என்னும் பவுலின் போதனையைச் சபைக்குள்ளேயே சுவரெழுப்பி மறுக்க முடியாது என்பதே அவருடைய வாதம். அந்தியோகியாவில் புறவினத்தாரோடு உண்பதிலிருந்து விலகிக்கொண்ட பேதுருவைப் பவுல் நேருக்கு நேர் கண்டித்ததைக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் நாம் படிக்கிறோம். சேர்ந்து உண்ண மறுப்பது நற்செய்தியையே மறுப்பது என்று முதல் நூற்றாண்டிலேயே தீர்ப்பாகிவிட்டது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. வேப்பேரியில் கடிதம் வெளிப்பட்டதும் சூத்திரர் என்று மிஷன் ஆவணங்கள் குறிப்பிடும் பிரிவினர் பெருமளவில் சபையை விட்டு வெளியேறினர். தஞ்சாவூரிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அங்கு சாதி ஒழுங்கை ஆதரித்து எழுதிவந்தவர் புகழ்பெற்ற கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார். புதிய வேத மொழிபெயர்ப்பைத் திணிப்பது, திருநாட்களில் பூக்களைத் தடுப்பது, தமிழ் இசையை விலக்குவது ஆகியவற்றோடு, சாதிகளை ஒன்றாக உட்கார வைப்பதையும் இளம் மிஷனரிகள் இழைத்த கொடுமைகளில் ஒன்றாகவே அவர் பட்டியலிட்டார். முதல் மூன்றில் நியாயம் உண்டு. ஆனால் பண்பாட்டு உரிமை என்னும் பெயரில் தீண்டாமையும் சேர்ந்து பாதுகாப்புத் தேடியதை நாம் கவனிக்க வேண்டும். இன்றும் அதே உத்தி நீதிமன்றங்களில் பழகிய முகமாக வந்து நிற்கிறது.

1835 தொடக்கத்தில் வில்சன் தாமே தஞ்சாவூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் சென்று பேசினார். சிலர் இணங்கினர், பலர் இணங்கவில்லை. பிரிந்தவர்களில் ஒரு பகுதியினர் பின்னாளில், சாதி விஷயத்தில் நெகிழ்ச்சி காட்டிய லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தனர். ஆயினும் 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, லைப்சிக் மிஷன் நீங்கலாக, சாதியைக் கைவிட்டதற்குச் சமபந்தியையே சான்றாகக் கேட்கும் நிலைப்பாட்டை எடுத்தது.

வில்சனை நாம் புனிதராக்க வேண்டியதில்லை. திறமை, உழைப்பு, பதவி ஆகியவற்றால் உண்டாகும் ஏற்றத்தாழ்வு நற்செய்திக்கு ஏற்புடையதே என்று அதே கடிதத்தில் அவர் கருதினார். அவர் பேரரசின் பேராயர், மேலிருந்து ஆணையிட்டவர். அந்தக் கடிதம் மிஷனரிகளை நோக்கி எழுதப்பட்டது. பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்ட பறையர்களோடு கலந்து எழுதப்பட்டதன்று. சாதி ஆதரவாளர் வெளியேறிய பிறகும் சபைகளில் தங்கியவர்களுக்குத் தலைமையும் நிலமும் உடனே கிடைத்துவிடவில்லை. 1858 ஜனவரி 2 அன்று கல்கத்தாவில் மறைந்த அவர், தாம் கட்டிய புனித பவுல் பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் கடிதத்தின் கதை அத்துடன் முடியவில்லை. சபையில் சாதி இருக்கக்கூடாது என்று அவர் எழுதினார். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையோ, சாதி இல்லை என்றே எடுத்துக்கொண்டதுபோல, இந்துக்கள் அல்லாதாரை விலக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை, தம் தொழிலாளருக்கு அரசு அளித்த உதவி கிறிஸ்தவர் என்பதால் தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். மதம் மாறிய பின்னரும் அதே கடுமையுடன் இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் அவர் மனு தள்ளுபடியானது. மத வரம்பை நீக்குமாறு 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தும் அது நிறைவேறவில்லை.

ஆதாரம் எங்கே என்று கேட்போருக்குத் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களையும் சாதிவாரியாகப் பிரித்து நிற்கும் சுவரே போதும். திருச்சபைகளின் முன் நாம் வைக்கும் கோரிக்கை எளியது: தங்கள் பதிவேடுகளையும் கல்லறைகளையும் மறைக்காமல், அவற்றில் உள்ள சாதியை ஒப்புக்கொண்டு நீதிமன்றத்தில் சாட்சி சொல்லட்டும். அந்தப் பாவ அறிக்கையைச் செய்யாமல், வேதத்தில் சாதி இல்லை என்று பிரசங்கிப்பது தலித் கிறிஸ்தவர்களுக்கு எதிரான சாட்சியமாகவே முடிகிறது.