படுக்கையில் மலர்ந்த ஆறுதல்

இனியவை கூறலுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார் வள்ளுவர். விவிலியத்தின் நீதிமொழிகள் நூலும், ஏற்ற சமயத்தில் சொல்லப்படும் சொல்லைப் பொற்கனிக்கு ஒப்பிடுகிறது. ஆனால், துன்பத்தில் இருப்பவரிடம் எதை, எப்போது, எப்படிச் சொல்வது? அதைத் தம் வாழ்வால் காட்டியவர், திருநெல்வேலிச் சீமையில் ‘அம்மா’ என்று அழைக்கப்பட்ட ஏமி கார்மைக்கேல்.

இவர் 1867ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் வட அயர்லாந்தின் மில்லைல் என்ற சிற்றூரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளுள் மூத்தவர். பதினேழு வயதில் தந்தையை இழந்தார். பெல்ஃபாஸ்ட் நகரில், மற்றவர் ஒதுக்கிய ஆலைத் தொழிலாளிப் பெண்களிடையே தம் பணியைத் தொடங்கினார். 1893இல் ஜப்பான் சென்றார். உடல்நலம் இடம் தரவில்லை. 1895இல் இந்தியா வந்தார். வாக்கர் ஐயரிடம் தமிழ் கற்றார். அதன்பின் ஏறத்தாழ 55 ஆண்டுகள், ஒரு முறைகூடத் தாயகம் திரும்பவில்லை.

1901 மார்ச் மாதம், பண்ணைவிளையில் தங்கியிருந்தபோது, பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி அவரிடம் வந்து சேர்ந்தாள். பொட்டுக்கட்டுவதற்காக ஒப்படைக்கப்பட்ட குழந்தை அவள். முன்னரே ஒரு முறை தப்பி ஓடிப் பிடிபட்டு, கைகளில் சூடு வைக்கப்பட்டவள். ஏமி அவளிடம் அறிவுரை எதுவும் கூறவில்லை, மடியில் அமர்த்திக்கொண்டார். அன்று தொடங்கிய பணியே டோனாவூர் இல்லமாக வளர்ந்து, நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாய்வீடானது. பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் தடை செய்தது 1947இல்தான் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

1931 அக்டோபர் 24 அன்று, களக்காட்டில் மருந்தகத்திற்கென எடுத்த வீட்டைப் பார்க்கச் சென்ற இடத்தில், மாலை மங்கலில் ஒரு குழியில் தவறி விழுந்தார். கால் முறிந்தது. எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், படுக்கையறையிலேயே கழிந்தது. ஓடியாடி உழைத்தவருக்கு இது எத்தகைய அடி!

நோயாளிகளுக்கென எழுதப்பட்ட ஆறுதல் ஏடுகள் பல அவருக்கும் வந்தன. அவை அவர் மனத்தைத் தொடவில்லை. ஏன்? அவற்றை எழுதியோர் நலமாக இருந்தார்கள்! ஆகவே, வலியில் கிடந்தபடியே, வலியில் கிடப்போருக்கு அவர் மடல்கள் எழுதினார். அவை ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்னும் நூலாக 1933இல் வெளிவந்தன. வலி இல்லை என்று அவர் நடிக்கவில்லை. விரைவில் குணமாகிவிடும் என்று பொய்யுறுதி கொடுக்கவும் இல்லை. தாமும் அதே இருளில் இருப்பதை மறைக்காமல், தம்மைத் தாங்கும் இறைநம்பிக்கையைப் பகிர்ந்துகொண்டார். இல்லத்துப் பிள்ளைகளுக்கும் ஊழியர்களுக்கும் அவரவர் நிலையறிந்து சிறு குறிப்புகள் எழுதி அனுப்பினார்.

நம் நிலை என்ன? எங்கள் செந்தூலில் ஒருவர் நோயில் விழுந்தால் பார்க்க வருவோருக்குக் குறைவில்லை. மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழமும் கொண்டு வருவார்கள். வந்து அமர்ந்ததும், இதே நோயில் இறந்துபோன இன்னொருவரின் கதையைத் தொடங்கிவிடுவார்கள்! பல்கலைக்கழகத்திலோ, தேர்வில் தோற்ற நண்பனுக்குப் புலனத்தில் யாரோ எழுதிய பொன்மொழியை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அவன் பெயர் சொல்லி, அவன் நிலை அறிந்து எழுதும் இரண்டு வரிக்கு அது ஈடாகுமா?

ஏமி அம்மையார் 1951 ஜனவரி 18ஆம் நாள் டோனாவூரில் காலமானார். தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று கூறியிருந்ததால், பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றையே பிள்ளைகள் அங்கு வைத்தனர். அதில் தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல் பொறிக்கப்பட்டுள்ளது.

தோழர்களே, பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் நண்பர் யார் என்பது நமக்குத் தெரியும். நாளை வரை காத்திராமல், இன்றே அக்கதவைத் தட்டுவோம்.