கண்ணுக்குள் போன விமான ஜன்னல் பிளாஸ்டிக்... யார் இந்த ஹரால்ட் ரிட்லி?

தருமபுரி மாவட்டத்துல எந்த ஊருக்குப் போனாலும், கண்புரை ஆபரேஷன் செஞ்சு லென்ஸ் வச்ச பாட்டி ஒருத்தராவது இருப்பாங்க. அந்த லென்ஸின் கதை தொடங்கியது ஒரு போர் விமானத்தில்!

ஹரால்ட் ரிட்லி 1906-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். அப்பாவும் கண் டாக்டர்தான். 1940 ஆகஸ்ட்டில் கார்டன் கிளீவர் என்ற விமானி சுடப்பட்டபோது, விமானி இருக்கையை மூடியிருந்த அக்ரிலிக் கூண்டு சிதறி இரு கண்களிலும் பாய்ந்தது. (ஸ்பிட்ஃபயர் என்றே பலரும் எழுதுறாங்க. அவர் ஓட்டியது ஹரிக்கேன்.) ஒரு கண் போனது. இன்னொரு கண்ணில் தங்கிய துண்டுகளோ வருஷக்கணக்கில் எந்தத் தொல்லையும் தரவில்லை. ரிட்லி இதைக் கவனித்தார்.

அப்போதெல்லாம் புரையை எடுத்தா அந்த இடம் காலிதான். வாழ்நாள் முழுக்க சோடாபுட்டிக் கண்ணாடி. 1948-ல் ஆபரேஷனைப் பார்த்த ஒரு மாணவர், எடுத்த லென்ஸுக்குப் பதிலா வேறு வைக்க மாட்டீங்களா எனக் கேட்டது ரிட்லியை உலுக்கியது.

அதுக்காக விமான ஜன்னலை அறுத்து அப்படியே வைக்க முடியுமா? ஐ.சி.ஐ. நிறுவனம் தூய்மையான அக்ரிலிக்கைத் தந்தது. ரேனர் நிறுவனம் அதை 8.35 மி.மீ. அகல லென்ஸாக்கியது. அக்ரிலிக்குக்கு சூடு ஆகாது. வெட்டும்போது சூடேறினால் இளகும், பின்னாளில் மயிரிழை விரிசல் விழும். ஓரத்தில் பிசிறு இருந்தால் கண்ணுக்குள்ளேயே உராயும். கொதிக்க வைத்துக் கிருமி நீக்கவும் வழியில்லை. ரசாயனத்தில் ஊறவைத்தார்கள், அதன் மிச்சமே சில கண்களை வீங்க வைத்தது.

1949 நவம்பர் 29, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை. 45 வயதுப் பெண்ணுக்கு முதல் முயற்சி. 1950 பிப்ரவரியில் லென்ஸ் நிரந்தரமாக வைக்கப்பட்டது. கணக்கு தப்பியதால் அவருக்குக் கடும் கிட்டப்பார்வை வந்தது. ஆனா கண் லென்ஸை ஏற்றுக்கொண்டது, அதுதான் முக்கியம்.

1951-ல் வெளியே சொன்னதும் சக டாக்டர்களே எதிர்த்தார்கள். கண்ணில் விழுந்த தூசியை எடுப்பதுதான் டாக்டர் வேலை, இவர் உள்ளே வைக்கிறாரே என்ற கோபம். சில லென்ஸ்கள் இடம் நகர்ந்து, திரும்ப எடுக்கவேண்டி வந்ததும் உண்மை. 1971-ல் ரிட்லி ஓய்வு பெறும்போதும் பெரிய பாராட்டு இல்லை. அமெரிக்க அரசின் ஒப்புதல் 1981-ல்தான் வந்தது.

நம்ம ஊர் ஏழைகளுக்கு அதுக்கப்புறமும் எட்டவில்லை, விலை அப்படி. 1992-ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கிய பிறகே விலை பல மடங்கு இறங்கியது.

1990-களில் ரிட்லிக்கும் புரை வந்தது. அதே செயின்ட் தாமஸில், இரு கண்களிலும் லென்ஸ் வைத்துக்கொண்டார். 2000-ல் சர் பட்டம் கிடைத்தது. 2001 மே 25-ல், 94 வயதில் மறைந்தார்.