கித்துல்கலயில் பாலம் கட்டித் தகர்த்த டேவிட் லீன்

பாவா ஆதம் மலையிலிருந்து நல்லதண்ணி வழியாக இறங்கும் நீர் மஸ்கெலி ஓயாவில் கலந்து, களனி கங்கையாகிக் கித்துல்கலயைக் கடக்கிறது. அங்கேதான் 1957இல் ஆற்றுக்குக் குறுக்கே பெரியதொரு மரப்பாலம் கட்டி, அதன்மேல் நிஜ ரயிலையே ஓடவிட்டு, வெடிவைத்துத் தகர்த்தார் டேவிட் லீன். 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' திரைப்படத்துக்காக. அது ஏழு ஒஸ்கார் விருதுகளை வென்றது.

1908இல் இங்கிலாந்தின் குரொய்டனில், குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் லீன். வீட்டில் சினிமாவுக்குத் தடை. (நம்மிலும் அப்படி வளர்ந்தவர்கள் பலர் இருக்கிறோம்.) பத்து வயதளவில் உறவினர் ஒருவர் கொடுத்த பெட்டிக் கமராதான் அவரைத் திசைதிருப்பியது. ஸ்டூடியோவில் தேநீர் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, படத்தொகுப்பாளராகி, 1942இல் இயக்குநரானார்.

மாணவர்களுக்கு வில்லைகள் பற்றிய பாடம் நடத்தும்போது நான் அவரது 'லோரன்ஸ் ஒப் அரேபியா'வைத்தான் உதாரணம் காட்டுவேன். சூம் லென்ஸில் குவியத்தூரத்தை மாற்றலாம். பிரைம் லென்ஸில் அது ஒன்றே ஒன்றுதான். ஆகவே எந்த லென்ஸ் என்பதைப் படம்பிடிக்கும் முன்பே தீர்மானித்தாக வேண்டும். ஜோர்தான் பாலைவனத்தில் கானல் நீரின் நடுவிலிருந்து ஒட்டகத்தில் ஷரீப் அலி வர வேண்டும். சாதாரண லென்ஸில் கானல் சுருங்கி ஒன்றுமில்லாமல் போய்விடும். ஒளிப்பதிவாளர் பிரெடி யங் பனவிஷன் நிறுவனத்திடமிருந்து 482 மி.மீ. லென்ஸைக் கொண்டுவந்தார். அது காணும் பரப்பு மிகக் குறுகியது, ஆனால் தொலைவிலுள்ளதைப் பெருப்பித்துக் காட்டும். கரும்புள்ளியொன்று நடுங்கி நடுங்கி மெல்ல மனிதனாகிறது. எகிப்திய நடிகர் ஒமர் ஷெரீபை உலகம் அறிந்தது அந்தக் காட்சியால்தான். 1962இல் வெளிவந்த அந்தப் படத்துக்கும் ஏழு ஒஸ்கார்கள் கிடைத்தன.

ஆனால் லீனின் பார்வையும் சில இடங்களில் அந்த லென்ஸைப் போலவே குறுகியது. அரபு இளவரசர் பைசலாக, முகத்துக்கு நிறம் பூசிய ஆங்கிலேயர் அலெக் கின்னஸை நடிக்கவைத்தார். கித்துல்கல படம் அதைவிட வருத்தம் தருவது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அமைத்த சியாம்-பர்மா ரயில்பாதையில் ஏறத்தாழ 12,000 போர்க்கைதிகள் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைவிடப் பன்மடங்கு. அவர்களில் பெருந்தொகையானோர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். படம் பிரித்தானிய அதிகாரிகளின் மானப் பிரச்சினையைச் சொல்கிறது; இவர்களுக்கு அதில் இடமில்லை. இத்தனைக்கும் படமானது, தமிழர் கொழுந்து பறிக்கும் மலைகளுக்குச் சற்றுக் கீழே!

1970இல் வந்த 'ரயன்ஸ் டோட்டர்' விமர்சகர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது. மனமுடைந்த லீன் 14 ஆண்டுகள் வேறு திரைப்படம் தரவில்லை. பிறகு இந்தியாவில் 'எ பெசேஜ் டு இந்தியா'வை எடுத்தார். 1991இல் அடுத்த படத்துக்கான ஆயத்தங்களின் நடுவே காலமானார்.

பாலத்தின் கொங்கிரீட் அத்திவாரங்கள் இன்றும் ஆற்றோரம் கிடக்கின்றன. மாணவர்களுடன் அங்கே போனபோது 482 மி.மீ. லென்ஸின் கதையைச் சொன்னேன். மலாயாவிலிருந்து போய்த் திரும்பாதவர்களின் கதையையும் சொன்னேன். கேள்விகளெல்லாம் இரண்டாவதைப் பற்றியே வந்தன.